அம்மா இருக்கும் பாதி

பியூப்லா, மெக்சிகோ
12 ஓகஸ்ட் 2024

அன்பான கலாக்கா,

சுகமா இருக்கீங்களா? நானும் லுபிதாவும் நல்ல சுகம். போனில் என் குரல் கேட்டதும் அம்மா எழும்பி வெளியே போய்விடுகிறார். ஆனால் கடிதத்தை நீங்க வாசித்தால் அரிசி புடைத்துக்கொண்டே கேட்கிறாராமே. அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு மண் போட வராதவன் என்று என்னோடு பேசாமல் இரண்டு வருசமாகிறது. வெளியே போனால் இங்கே திரும்பி வர அப்போது விசா இல்லாத கதையை எத்தனை தரம்தான் சொல்வது?

நவம்பர் தொடக்கத்தில் இங்கே செத்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் திருநாள் வரும். மேசையில் படம் வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். பாட்டும் சிரிப்புமாக இருக்கும். வந்தவர்கள் வழி தடுமாறக்கூடாது என்று வாசலிலிருந்து மேசை வரை பூவிதழால் பாதை போடுவார்கள். எந்தப் பூ தெரியுமா? நம்ம கோயில் மாலையில் மஞ்சளாகக் கட்டுகிற தாஸ்பெத்தியா! அது எங்க மண்ணுப் பூ என்கிறாள் லுபிதா. மிளகாயும் அவங்களுடையதாம். அவளுடைய முன்னோர்கள் அந்தக் காலத்திலேயே மரத்துப் பாலில் பந்து செய்து, இடுப்பால் தட்டி விளையாடினார்களாம். அப்பா நமக்குத் தோட்டத்து ரப்பர் ஒட்டுப்பாலில் பந்து உருட்டித் தருவாரே, அதைச் சொன்னேன். “அப்படியென்றால் அவரையும் கூப்பிடுவோம்” என்றாள்.

அப்பாவின் படம் ஒன்று வேண்டும், அக்கா.

அன்புத் தம்பி,
கிருஷ்ணராஜ்

---

தெஹியோவிட்ட
இலங்கை
9 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பி ராசு,

மாரியம்மன் கழுத்தில் கிடக்கிற பூவும் அவங்களது, நான் சம்பலுக்கு இடிக்கிற மிளகாயும் அவங்களதா? நல்லவேளை, தேங்காயையாவது நமக்கு விட்டுவைத்தாள் உன் பெண்சாதி.

மழையால் ஒரு கிழமையாகப் பால் வெட்டு இல்லை. லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். மறுநாள் சுளகைப் பார்த்துக்கொண்டே, “அந்த மனுசன் பிளேன்டீக்குச் சீனி போட மாட்டாரு. ஹக்குருத் துண்டு கடிச்சுக்குவாரு” என்றார். அது சுளகுக்குச் சொன்னது இல்லை, உனக்குச் சொன்னது. எனக்குத் தெரியாதா?

அப்பாவுக்கு இருப்பது ஒரே படம்தான். அவிசாவளை ஸ்டூடியோவில் அம்மாவோடு எடுத்தது. போனில் பிடித்தால் மங்கலாக இருக்கிறது, அசலையே அனுப்புகிறேன். சுவரிலிருந்து கழற்றும்போது அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கத்தரிக்கோல் மட்டும் வைத்துவிடாதே. கட்டியவரிடமிருந்து அம்மாவை வெட்டி எடுக்கக்கூடாது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலையும் விளக்கும் ஆகாது என்பதும் உனக்குத் தெரியும். பார்த்துச் செய்.

அக்கா,
விஜயகலா

---

பியூப்லா
3 நவம்பர் 2024

அன்பான கலாக்கா,

படம் பத்திரமாக வந்தது. உயிரோடு இருப்பவரை மேசையில் வைப்பது இவர்களுக்கும் ஆகாதாம். வெட்டவும் கூடாது, மடித்தால் அப்பாவின் தோளில் கோடு விழும். கடைசியில் அம்மா இருக்கும் பாதியைப் பூவால் மூடினோம்.

பிளேன்டீ வைத்தேன், சீனி போடவில்லை. இங்கேயும் ஹக்குரு மாதிரி ஒரு வெல்லம் இருக்கிறது, அதில் ஒரு துண்டு வைத்தேன். ரொட்டியும் சம்பலும் லுபிதா செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, யார் இவர் என்று கேட்டுக் கேட்டு அப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். அப்பாவுக்காக நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான், அக்கா.

மேசையைப் படம் பிடித்து நேற்றே போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீங்க. அம்மா என்ன சொன்னார்?

தம்பி,
ராஜ்

---

தெஹியோவிட்ட
5 நவம்பர் 2024

அன்புத் தம்பி ராசு,

உன் கடிதம் வரும்வரை பொறுக்க முடியாது. போனிலும் சொல்லவில்லை. இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

அட மடையா, நீ அனுப்பிய படத்தை நீயே பார்த்தாயா? பூவெல்லாம் சரிந்து கிடக்கிறது. அப்பா பக்கத்தில் அம்மா முழுசாகத் தெரிகிறார். கழுத்தில் மாலை போட்ட மாதிரி பூ, முன்னால் மெழுகுதிரி! நானும் கவனிக்காமல் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அடப்பாவி ராசு, நான் இன்னும் சாகலடா” என்றார்.

இரண்டு வருசம் கழித்து அம்மா வாயில் உன் பெயர். அடுத்த நிமிசம் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு தரையில் கிடக்கிற பூவெல்லாம் என்ன என்று கேட்டார். கடிதத்தில் வாசித்தேனே, அப்பா வருகிற பாதை அதுதான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“செத்த மனுசன் வர்றதுக்குப் பூவால பாதை போட்டிருக்கே. நல்லாருப்பா. உயிரோட இருக்கிற நீ வர்றதுக்கு நான் எதைடா போடணும்?”

அன்புடன்,
அக்கா விஜயகலா

பி.கு.: மருமகளையும் கூட்டிவரச் சொல்கிறார். அவள் ஊர் மிளகாயை இங்கே வந்து இடிக்கட்டுமாம். படத்தையும் மறக்காமல் கொண்டு வா. சுவரில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது.