அரைச் சங்கு மருந்து

என் பாப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட வருகிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் மழை பிடித்திருக்கிறது, மஞ்சள் காட்டில் தண்ணீர் நிற்கிறது. அதை எழுத உட்காரவில்லை. உன் பேத்தி யாழினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் மகள் கவிதா ஜெர்மனியில் இருப்பது உனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய ஊரில் போன குளிர்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கிடைக்கவில்லை, நம்புவாயா? கடைகடையாக ஏறி இறங்கினாளாம், எங்கும் இல்லை என்றே சொன்னார்களாம். பிரான்சில் இருக்கும் அவள் தோழியும் அதே பாட்டுத்தான் பாடினாளாம். வீடு மாறிப் போன இடத்தில் குழந்தை டாக்டரும் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினால் திட்டிக்கொண்டாவது திறப்பார். அங்கே எந்தக் கதவைத் தட்டுவது?

அதனால் இந்த முறை ஊருக்கு வந்தவள் தருமபுரியில் காய்ச்சல் மருந்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். சின்னச் சின்ன பாட்டில்கள். சொட்டு மருந்து. சொட்டுக்குழாயைக் குழந்தை கடிக்கிறாள் என்று அங்கே போனதும் தூக்கிப் போட்டுவிட்டிருக்கிறாள்.

யாழினிக்குக் காய்ச்சல் கண்ட அன்று போனில் பேசும்போது கவிதா ஒன்று சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“பாட்டிலு அதுக்குள்ள தீந்துடுச்சுங்க மாமா. இன்னொண்ணப் பிரிச்சிட்டேன்.”

பூச்சி மருந்து டப்பா மேல் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், உனக்குத் தெரியும். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் சொட்டுச் சொட்டாக விட வேண்டிய மருந்து ஒரே நாளில் எப்படித் தீரும்? எதில் ஊற்றிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

“அம்மா குடுப்பாங்களே, அரைச் சங்கு. அதே கணக்குதாங்க மாமா.”

எந்தச் சங்கு தெரிகிறதா? கவிதாவைத் தொட்டிலில் போட்ட அன்று தாய்மாமன் சீராக நான் கொடுத்த வெள்ளிச் சங்கு. பசும்பால், வசம்பு, இருமல் மருந்து எல்லாவற்றையும் நீ அதில்தான் புகட்டினாய். எல்லாவற்றுக்கும் உன் அளவு அரைச் சங்கு. அப்போது நீ கொடுத்தது தண்ணீராட்டம் இருக்கும் பெரிய பாட்டில் மருந்து. அதனால் ஒன்றும் ஆகவில்லை. உன்மேல் குற்றம் சொல்லவில்லை, பாப்பா. நீ இருந்திருந்தாலும் அதே அரைச் சங்கைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

இனி ஒரு சொட்டும் கொடுக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். மாப்பிள்ளை போனை வாங்கி, காய்ச்சல் மருந்துதானே, நீங்கள் என்ன டாக்டருக்கா படித்தீர்கள் என்றார். இல்லை என்றேன். போகும்வரை போனை வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். வைக்கவும் இல்லை. கடைசியில் விஷ முறிவுக்கென்று அங்கே இருக்கும் எண்ணுக்குக் கவிதா வேறொரு போனில் பேசினாள். பாட்டிலில் இருந்ததைப் படிக்கச் சொன்னார்களாம். அது சிரப்பைவிடப் பல மடங்கு கெட்டியானது, கல்லீரலைப் பிடித்துவிடும், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள் என்றார்களாம். அதைக் கேட்டதும் மாப்பிள்ளைதான் முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள், கையில் ட்ரிப் போட்டார்கள். நான் சோறு வைத்த தட்டைத் தொடவில்லை. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிழைத்துக்கொண்டாள் என்றார்கள். வரும்போது கோடு போட்ட, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். மீதிச் சொட்டு மருந்தை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்தார்களே தவிர, அது கடையில் இல்லை.

சங்கை எடுத்துப் பரணில் போடு என்றேன். அம்மா ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதான் என்று அழுதாள். அழட்டும். பால் குடிக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். மருந்து மட்டும் அதில் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இன்று மத்தியானம் மறுபடியும் போன். யாழினிக்கு உடம்பு சுடுகிறதாம்.

“பக்கத்து வூட்டம்மா பாதி பாட்டிலு குடுத்தாங்க மாமா. குடுக்கட்டுங்களா?”

“மேல என்ன போட்டிருக்குது, படி.”

“ஜெர்மன்ல இருக்குதுங்க மாமா. உங்களுக்குப் புரியாது.”

“எனக்குப் புரிய வேண்டாம் கண்ணு. உனக்குப் புரியுதில்ல? நீ சத்தமாப் படி.”

படித்தாள். முதலில் சலிப்போடு, பிறகு நிறுத்தி நிறுத்தி. ஒரு இடத்தில் நின்று, அதே வரியை மறுபடியும் படித்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குழந்தையின் எடை என்ன என்று மாப்பிள்ளையைக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு சிரிஞ்சைத் தேடப் போனாள். இன்னும் கூப்பிடவில்லை. போன் இதோ, தாளின் பக்கத்திலேயே இருக்கிறது.

குளிர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம், பாப்பா. இனி எத்தனை வீட்டுப் பாதி பாட்டில்கள் வரப்போகின்றனவோ, பயமாக இருக்கிறது. எனக்கு மூச்சு இருக்கும்வரை, என் காதுபட அவள் வாய்விட்டுப் படிக்காத எந்த மருந்தும் உன் பேத்தியின் வாயில் விழாது. கிறுக்குக் கிழவன் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

உன் மகளின் தாய்மாமன்,
உன் அண்ணன்