அலங்காரம் என்று நான் அழித்த வரிகள்

நேற்று மழை விட்டதும் எங்கள் வியாசர்பாடி தெருவில் மாநகராட்சி ஆட்கள் ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலில் கால் வைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மேலே ஓர் அடி வைக்க முடியவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டு அக்கா, "இன்னா கலா, சுகரா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். ஒரு மாதமாக அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, கேள்.

நீயும் நானும் ஒரே மாதத்தில்தான் அந்தக் கன்டெய்னர் யார்டில் சேர்ந்தோம். நீ காசிமேட்டுக்காரி, அப்பாவும் அண்ணன்களும் மீன்பிடி போட்டில் போகிறவர்கள். கப்பலில் இருந்து இறங்கிய பெட்டிக்குள் என்ன சரக்கு, யாருடையது என்று காகிதம் பார்ப்பது என் வேலை. எந்தப் பெட்டியை எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிப்பது உன் வேலை. தின்னர், பெயின்ட், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் வரும் இடம் அது. சிலதைச் சிலதின் பக்கத்தில் வைக்கக் கூடாது. ப்ளீச்சிங் பவுடரில் ஈரம் இறங்கினால் தானாகச் சூடேறும். அதன் பக்கத்தில் சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் நின்றால் நாம் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். சேர்ந்த முதல் வாரமே எனக்கு இது தெரிந்துவிட்டது. அதனால் அந்த வரிசைகள் இருக்கும் கடலோரப் பக்கம் நான் ஒருநாளும் போனதில்லை. நீ சிரிப்பாய்.

முதலில் கையால் எழுதித்தான் இடம் பிரித்தாய். ஒருநாள் எக்செலில் 'ரெக்கார்ட்' என்ற பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டு என் மேசைக்கு ஓடி வந்தாய். "நாம செய்றத்த எல்லாம் பாத்துகினே இருக்கும்மே. அப்பால ஒரு பட்டன் தட்னா அதுவே செஞ்சிரும்."

"எங்க வூட்ல ஒருத்தரு இருவது வருசமா பாத்துகினுதான் கீறாரு. ஒண்ணும் செய்ய மாட்டேன்றாரே?" என்றேன் நான்.

அதற்கு மேக்ரோ என்று பெயராம், அந்த வார்த்தையே அப்போதுதான் எனக்குத் தெரியும். நீ அதன் உள்ளே போய், பதிவான வரிகளைப் பிரித்துப் பார்த்து, வெட்டி ஒட்டி, உனக்கு வேண்டியபடி ஆக்கிவிட்டாய். வகுப்பு எதற்கும் போகவில்லை. எழுநூறு வரிக்கு மேல் வளர்ந்தது. இடையிடையே ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு வேறு. 'இந்த வரி ஏன் ஓடுதுன்னு தெர்ல, கை வைக்காத' என்று ஒன்று. 'கலா டீ வாங்கித் தரலை' என்று ஒன்று. வரிசைக்கு ஒரு நிறம், கிழமைக்கு ஒரு நிறம். உன் எக்செல் சீட்டைத் திறந்தால் மார்கழிக் கோலம் போட்ட தெரு மாதிரி இருக்கும். காலையில் ஒன்பது மணிக்குப் பட்டியலை எடுத்து யார்டுக்குக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைசி வரிசைப் பக்கம் போய் வருவாய். வந்துதான் டீ. எங்கே போகிறாய் என்று கேட்டால், "கடல பாத்துட்டு வரேன். எங்க அண்ணன் போட்டு தெரியுதான்னு" என்பாய்.

"காசிமேட்டு போட்டு எண்ணூர் ரோட்ல தெரியுமாமே?"

"கண்ணு இருந்தா தெரியும்டி."

உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். புது பிரின்டர் வந்தால்கூட இரண்டு நாள் அதன் பக்கம் போக மாட்டேன். நீ எனக்குச் சொன்னது எப்போதும் ஒன்றுதான்: "பயந்துகினே செய். ஆனா செய்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். ஆட்டோ ராயபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நாள் கழித்து உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் உன் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வருஷம் தலைமை அலுவலகத்தில் இருந்து உத்தரவு வந்தது. மேக்ரோ பாதுகாப்பில்லை, கொஞ்ச நாளில் எந்தக் கணினியிலும் ஓடாது, எல்லாவற்றையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்து ஹரிணி என்றொரு பெண் வீடியோவில் வந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நல்ல பெண், பொறுமைசாலி. ஆனாலும் நாற்பத்தாறு வயதில் ஒரு கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு இடைவெளி தள்ளிப் போனதற்குச் சிவப்பு எழுத்தில் அதனிடம் திட்டு வாங்கும்போது, பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த நாற்காலியும் போய்விடும் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஹரிணி சொன்ன முதல் வேலை, பழைய மேக்ரோவில் விதிகள் எவை என்று பிரித்தெடுப்பது. முதன்முறையாக உன் வரிகளைப் படித்தேன். கால்வாசி சரக்கு விதி. மிச்சமெல்லாம் அகலம், கோடு, எழுத்தளவு, நிறம். எடுத்தால் நிறம், வைத்தால் நிறம். மஞ்சள் நிறம் என்று வந்த ஒரு வரியின் மேல், 'தாஸ் அண்ணன் மூக்கு' என்று எழுதியிருந்தாய். தாஸ் அண்ணன் யார்டு சூப்பர்வைசர், அவர் மூக்கு கொஞ்சம் பெரிதுதான். செத்த பிறகும் கிண்டலா என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, புது நிரலுக்காக எடுத்த பிரதியில் நிறம் என்று வந்த வரிகள் அத்தனையையும் அழித்தேன். புது நிரல் சீட்டில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், அதற்கு நிறம் தெரியாது. அலங்காரம் போனால் என்ன என்று நினைத்தேன்.

பிறகு பதினைந்து நாள் இரண்டையும் சேர்த்து ஓட்டினோம், பழையதும் புதியதும் ஒரே பட்டியலைத் தருகிறதா என்று பார்க்க. தந்தன. ஒரு வியாழக்கிழமை மட்டும் ஒரே ஒரு பெட்டி இடம் மாறியது. காகிதத்தில் துப்புரவுப் பொருள் என்றிருந்த சாதாரணப் பெட்டி. உன் மேக்ரோ அதைக் கடைசி வரிசையில் தனியாகத் தள்ளியது. என்னுடையது மற்றவற்றோடு சேர்த்து வைத்தது. "இது பழைய மேக்ரோவோட தப்பாக்கா, நம்ம தப்பா?" என்று ஹரிணி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் பதினைந்து நாள் தள்ளிப் போகும், மேனேஜர் மறுபடி சிரிப்பார். உன் மேக்ரோவின் தலையிலேயே, தப்பு வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று ஒரு கட்டளை இருந்தது. அதைக் காட்டி, "பழைய மேக்ரோதான் தப்பும்மா, அது அப்படித்தான் உளறும்" என்றேன். உன்மேல் பழி போட்டேன். நீ வந்து பதில் சொல்லப் போவதில்லை என்ற தைரியம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை, பார்.

அடுத்த திங்கட்கிழமை புதியது தனியாக ஓடியது. பதினோரு மணி இருக்கும், தாஸ் அண்ணன் ஆபீசுக்குள் வந்தார். அவர் ஆபீசுக்குள் வருகிற ஆளே இல்லை.

"இன்னா கலாம்மா, இன்னிக்கு காத்தால நான் மஞ்சா அடிச்சி குட்த்த பொட்டி தின்னர் பக்கத்துல நிக்குது. யாரு வைக்க சொன்னது?"

"லிஸ்டுல அப்படித்தாண்ணே வந்துச்சு. மஞ்சான்னா இன்னாண்ணே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாவா? மோந்து பாத்து ஒரு மாரி வாடை வந்தாலோ, கதவாண்ட சூடு தெரிஞ்சாலோ, கேபின் கம்ப்யூட்டர்ல அந்த கட்டத்துக்கு மஞ்சா அடிப்பேன். பேப்பர்ல இன்னா வேணா எய்திகினு வருவானுங்கோ, மூக்குக்கு தெரியாதா? மஞ்சா அடிச்சா கடைசி வரிசைக்கு தனியா போயிரும். எத்தினி வருசமா நடக்குது! இப்ப அந்த கதவாண்ட கைய கொண்டு போக முடியலம்மா, அவ்ளோ சூடு."

'தாஸ் அண்ணன் மூக்கு' என்ற உன் குறிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எல்லோரையும் கேட்டுக்கு வெளியே போகச் சொன்னார்கள். நான் ரோட்டில் நின்றேன். ப்ளீச்சிங் வாடை அங்கேயே வந்தது. பெட்டி தூக்கும் வண்டியின் டிரைவர் ஒருவர்தான் உள்ளே போனார், கூடவே, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர்க் குழாயோடு தாஸ் அண்ணன் நடந்தார். வண்டி அந்தப் பெட்டியைத் தூக்கி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. அந்த டிரைவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியும். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு நின்றேன். பெட்டி கடைசி வரிசையில் இறங்கியது, தீயணைப்பு வண்டி வந்தது, மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியின் கூரையில் இருந்த ஓட்டை வழியாக மழை இறங்கி, ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள் உள்ளே வெந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலம் தாஸ் அண்ணன் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அது இருந்தா உட்ருக்காது," என்றார். அது என்றால் நீ. "தெனம் காலைல கடைசி வரிசைக்கு வந்துரும். ஒவ்வொரு மஞ்சா பொட்டியாண்டயும் நின்னு, நம்பர் பாத்து, மோந்து பாத்துட்டுதான் போவும். உன் மேக்ரோதான் கரீட்டா போடுதே, அப்பால இன்னாம்மான்னு கேப்பேன். 'அண்ணே, அத்த எய்தினது நானு. அது எவ்ளோ தப்பு பண்ணும்னு எனக்குதான் தெரியும். ராத்திரில தூக்கம் வரலண்ணே, பயமா கீது'ன்னும். கலாவாண்ட சொல்லிடாதீங்கோ, அது பாவம் ஏற்கெனவே பயந்தாங்கொள்ளின்னும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். உனக்கும் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் உன் வரிகளை வேறு கண்ணோடு படித்திருப்பேன். சொல்லாமல் எனக்கு நல்லது செய்ததாக நினைத்தாய். ஏதாவது ஆகியிருந்தால் அந்த டிரைவரின் பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் ஹரிணியிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். பழைய மேக்ரோ தப்பில்லை, நான் சொன்னதுதான் பொய் என்றேன். அவள் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். இந்தப் புதுக் கருவிகளில் யார் எந்த வரியை எந்த நாளில் எடுத்தார்கள் என்பது அப்படியே நிற்கும். நீ எழுதியதில் நான் அழித்தது முழுவதும் சிவப்பில் கிடந்தது, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கழித்தல் குறி. மேலே என் பெயர். "அழிச்சது எங்கயும் போகாதுக்கா, எடுத்துக்கலாம்" என்றாள். எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது சீட்டில் வாடை என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று தாஸ் அண்ணன் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு விட்டுப்போனாலும் நிரல் ஓடாமல் நின்றுவிடும். அதன் மேல், நீ எழுதிய அதே குறிப்பை வைத்திருக்கிறேன். அதன் கீழே, இது கிண்டல் இல்லை, அழிக்காதே என்று நானும் எழுதியிருக்கிறேன். ஹரிணி எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துச் சரி என்றுவிட்டாள். மேனேஜர்கூடப் பாராட்டினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதியது நான். அது என்னென்ன தப்புப் பண்ணும் என்று எனக்குத்தானே தெரியும்?

இன்றைக்கும் ஒருவழியாகப் படியில் இருந்து எழுந்து வேலைக்குப் போனேன். ஒன்பது மணிக்குப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். ஒரு மாதமாகத் தினமும் போகிறேன். தின்னர் வரிசையைத் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனாலும் கடைசி வரைக்கும் போய், ஒவ்வொரு பெட்டியாக நம்பர் பார்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

முதல் நாள் போனபோது, உன் கடலையாவது பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினேன். அங்கே கடல் தெரியவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு மதில் சுவர், அதன்மேல் முள்கம்பி. எவ்வளவு எக்கினாலும் தெரியாது.

இன்றைக்குத் திரும்பி வரும்போது ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், தினமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். கடல பாத்துட்டு வரேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"பயமா கீதும்மா, அதான் போய் பாத்துட்டு வரேன்," என்றேன். "நாளைக்கு நீயும் கூட வா."