இருபத்திரண்டு மணி நேரம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். பேரனுக்கு இரண்டு பல் வந்துவிட்டதாமே, இனி அவன் வாயில் விரலைக் கொடுக்காதே.

கைக்குழந்தையோடு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருந்தாய். எதிர்வீட்டு டெய்லர் தன் போனில் போட்டுப் பார்த்தார், ஒன்பதாயிரத்து நானூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம் என்று காட்டியது. அதை நம்பிப் புறப்படாதே. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் சொல்கிறேன், ஓடுகிற நேரம் வேறு, போய்ச் சேருகிற நேரம் வேறு. நீ வீட்டைப் பூட்டுவதிலிருந்து இங்கே வாசலில் டாக்சி நிற்பது வரை, நடுவில் விமானம் மாறுவது, பெட்டிக்காக நிற்பது எல்லாம் சேர்த்தால் போன தடவை போல இருபத்திரண்டு மணி நேரம். குழந்தைக்கு மாற்று உடுப்பைக் கைப்பையிலேயே வை, பெட்டியில் போட்டுவிட்டு நடுவழியில் முழிக்காதே.

வந்தாலும் பெரியப்பா வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறாய், நானும் வாய் திறக்கவில்லை. அம்மா போன போது உனக்காகக் காத்திருக்காமல் எடுக்கச் சொன்னவர் அவர் என்று உனக்குக் கோபம். சொன்னது அவர்தான், சொல்ல வைத்தது நான். நீ போனில் அழுதுகொண்டே மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புகிறேன், மொத்தம் இருபத்திரண்டு மணி நேரமாகும் என்றாய். நான் காலண்டர் தாளைக் கிழித்து, இரண்டோடு இருபத்திரண்டைக் கூட்டி, மறுநாள் பகல் பன்னிரண்டு என்று எழுதி எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அங்கே இரண்டு என்றால் இங்கே ஆறரை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஆயிரம் பஸ்ஸுக்கு நேரம் போட்டவனுக்குப் பெற்ற மகளுக்குப் போடத் தெரியவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, இரண்டும் ஆயிற்று, உன் போன் கிடைக்கவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டாள், இன்று வரமாட்டாள் என்று நினைத்தோம். வெயில் வேறு, இனி உடல் தாங்காது என்று பெரியப்பா மூன்று மணிக்கு எடுக்கச் சொன்னார். நாலரை மணிக்கு நீ வந்து இறங்கினாய். அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது.

நீ வாசலில் நின்று அவரைக் கேட்டதையெல்லாம் நான் உள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ குளிக்கப் போனபோது தாளை அண்ணனிடம் காட்டி, தப்பு என்னுடையது, இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, வேண்டாம்டா, அம்மாவும் இல்ல, அவளுக்கு இனிமே நீ ஒருத்தன்தான், கோவம் என் மேலயே இருக்கட்டும், நான் தாங்கிக்குவேன் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கோபத்தை இனி என் மேல் வை. டிக்கெட் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் பெரியப்பாவுக்குச் செய். உன் குரலைக் கேட்டால் மனுஷனுக்குச் சட்டென்று பேச்சு வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, கொஞ்சம் காத்திரு.

இப்படிக்கு,
அப்பா