குளத்தையே உறிஞ்சும் நாப்கின்

ஜூன் 14, சனி

விடிவதற்குள் எழுந்து, கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வரைக்கும் பைக்கை விரட்டிக்கொண்டு போனால், என் மகள் இலக்கியா நீச்சல் குளத்தில் இறங்கவில்லை. படிக்கட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பதினாறு வயது. நம்மூர்க் கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறவள். இன்றைக்கு என்ன வந்தது என்று கோச்சிடம் கேட்டேன். அஜித் என்று பெயர். கழுத்தில் விசில், நெற்றியில் கூலிங் கிளாஸ். குளத்தைப் பார்த்தார், விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"சார்... லேடீஸ் மேட்டர் சார்."

ஏதோ ராணுவ ரகசியம் போல. எனக்கும் புரிந்துவிட்டது. உடனே நானும் விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். இரண்டு ஆம்பளைகள் ஒரு கம்பத்தை அவ்வளவு அக்கறையாக எப்போதும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். நூறு மீட்டரில் இலக்கியாவுக்கு நல்ல வாய்ப்பு என்றார். அதையும் கம்பத்திடம்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து இலக்கியா சொன்னாள்: "ஆகஸ்டு ஒம்பது அன்னிக்கும் எனக்கு இதேதாம்ப்பா வரும். கணக்குப் போட்டுட்டேன்."

நான் ஹாரன் அடித்தேன். ரோட்டில் எதிரே ஒருவரும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டில் விஷயத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரி சொர்ணவல்லி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"மாத்திரை போட்டுத் தள்ளி வச்சாப் போச்சு. இதுக்கு ஏங்க ஊரக் கூட்டுறீங்க?"

கோச்சும் நேற்று கிளம்பும்போது இதைத்தான் சொன்னார். எங்கள் ஊரில் இது ஒரு மரபு. அம்மனுக்குக் காப்புக் கட்டினால் மாத்திரை. கொழுந்தன் கல்யாணம் என்றால் மாத்திரை. போன சித்திரையில் இலக்கியாவும் போட்டாள், பால்குடம் எடுக்க வேண்டும் என்று. திருவிழா முடிந்தபிறகு வாந்தியும் தலைவலியுமாகக் கிடந்தாள். அம்மன் நன்றாகத்தான் இருந்தாள்.

சாமிக்கு ஒரு மாத்திரை, சம்பந்திக்கு ஒரு மாத்திரை, இப்போது விளையாட்டுத் துறைக்கும் ஒன்றா? "நான் போட மாட்டேன்" என்று இலக்கியா தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

நான் அவள் தோசையையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நமக்குத் தெரிந்த தீர்வு அதுதான்.

ஜூன் 17, செவ்வாய்

கீரனூர் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் சந்தனம் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் வீட்டு மோட்டாருக்கு நான்தான் காயில் கட்டுகிறேன். கூட்டம் போகிற வரைக்கும் காத்திருந்து, தலைவலி மாத்திரை வாங்கி, இருமல் மருந்து வாங்கி, அப்புறம் கேட்டேன்.

"நீச்சலுக்குப் போடுற மாதிரி நாப்கின் இருக்கா?"

குரலை இறக்கினார். "வீட்ல லேடீஸ அனுப்பலாம்லண்ணே?"

"நாந்தான் வந்துட்டனே."

உள்ளே போய் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார். கடையிலேயே பெரியது. "எவ்வளவு தண்ணி வந்தாலும் உறிஞ்சும்ணே. கேரண்டி." அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டுத் தந்தார். எலிப் பாஷாணத்தைக் கூட அப்படியே கையில் எடுத்துக் கொடுக்கிறார், இதற்கு மூன்று உறை. நானும் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கில் ஏறினேன். பார்த்தவன் திருட்டுக் கோழி என்று நினைத்திருப்பான்.

ஜூன் 18, புதன்

பாக்கெட்டைப் பார்த்துவிட்டு இலக்கியா: "ஏம்ப்பா, இதப் போட்டுக்கிட்டு எறங்குனா இது குளத்தையே உறிஞ்சிருமே. நான் எங்கிட்டு நீந்துறது?"

நான் பத்தாவது பாஸ், பம்பு செட்டில் இருபது வருஷம். தண்ணீரில் பஞ்சு ஊறும் என்பது தோன்றவில்லை. சந்தனத்துக்கும் தோன்றவில்லை. அவர் டிப்ளமோ.

ஜூன் 22, ஞாயிறு

இலக்கியா செல்போனில் காட்டினாள். நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை. பாடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனாள். டாம்பான் என்று ஒன்று: விரல் மாதிரி இருக்கும் பஞ்சு, உள்ளே வைப்பது. நீச்சல் உடையிலேயே உறிஞ்சும் துணி வைத்துத் தைத்தது ஒன்று, கொஞ்சமாகப் போகிற நாளுக்கு. அப்புறம் கப். சிலிக்கான் ரப்பர், கோயில் மணி மாதிரி. மடித்து உள்ளே விட்டால் விரிந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒழுகாது.

கப்பைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் போய்விட்டது. அட, இது நம்ம சரக்கு! ஓரம் விரிந்து காற்றுப் புகாமல் பிடிப்பது. வாஷர் உட்காருகிற கதைதானே! கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். இலக்கியா கொட்டாவி விட்டாள்.

"நீ விடும்மா, நான் ஆர்டர் போடுறேன்."

"சின்ன சைஸ்ப்பா. எஸ்."

"சரி சரி."

ஜூன் 23, திங்கள்

ஆர்டர் போட்டாயிற்று. பெரிய சைஸ். சின்ன வாஷர் ஒழுகும், இது மோட்டாரைத் தொட்டவனுக்கெல்லாம் தெரியும். பிள்ளைக்கு என்ன தெரியும்? போட்டியன்றைக்கு ஒழுகினால் அவள்தானே அழுவாள்.

ஜூன் 30, திங்கள்

பார்சலை நான் இல்லாத நேரத்தில் என் மோட்டார் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் என்று நினைத்து வெற்றிசெல்வன் பிரித்துவிட்டான். என் மைத்துனன், கடையில் என்னோடு வேலை பார்ப்பதாக ஊரில் சொல்லிக்கொள்கிறவன். நான் போனபோது அதை இழுத்துப் பார்க்கிறான், ஊதிப் பார்க்கிறான்.

"மச்சான், இது எந்த கம்பெனி மோட்டாருக்கு? நம்ம ஒரு இஞ்சு பைப்புல மாட்டிப் பாத்தேன், சும்மா கும்முனு உக்காருது!"

என்னவென்று சொன்னேன். கையிலிருந்து அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவ ஓடினான். டீக்கடைக்குப் போனவன் மதியம் வரைக்கும் திரும்பவில்லை. கிரீஸ் கையோடு போண்டா தின்கிற ஜென்மத்துக்கு இன்று சோப்பு தேவைப்பட்டது.

ஜூலை 2, புதன்

கப்பை நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டுமாம். எந்தப் பாத்திரத்தில் என்று தாயும் மகளும் சண்டை. என் டீச் சட்டி பலியானது.

ஜூலை 11, வெள்ளி

அவளுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலக்கியா கப்பை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். வெகு நேரம் வரவில்லை. நான் வெளியே நின்றேன், நல்ல மெக்கானிக்காக.

"மடிச்சியா? ஓரம் விரிஞ்சிருச்சா? லேசா ஒரு சுத்து சுத்திப் பாரு—"

"அப்பா, போங்கப்பா!"

அப்புறம் அழுகைச் சத்தம். சொர்ணவல்லி என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்தவள் கையில் அட்டைப் பெட்டி. அவள் கல்லூரி வரை போனவள், சிறிய எழுத்தைப் படித்திருக்கிறாள்.

"பிள்ளை பெத்தவங்களுக்குன்னு போட்ருக்கு. யாருங்க இந்த சைஸ வாங்கச் சொன்னது?"

இலக்கியா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "நான் எஸ் தானப்பா சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன்டா, அறிவு இருக்கா ஒனக்கு? அது பைப்பாடா? பிள்ளைடா. சொன்னாள்ல, வாய தொறந்து சொன்னாள்ல, சின்னதுன்னு. கேட்டியா? போட்டுக்கிறவ அவ, அளவு சொல்றவன் நீயா? சந்தனம் மூணு கவரு சுத்துனான்னு சிரிச்ச. கோச்சு கம்பத்தப் பாத்தாருன்னு நக்கலடிச்ச. அவங்களாச்சும் ஒதுங்கி நின்னாங்க. நீ உள்ள பூந்து பிள்ளைய அழ வச்ச. பெரிய வாஷர் மூளை.

ஜூலை 12, சனி

நீச்சலே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்கிறாள். ஆகஸ்டு ஒன்பது வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆளை விடுங்கள் என்கிறாள். மாத்திரை என்று யாரோ தொடங்கியதும் தட்டு பறந்தது. தொடங்கியது நான் இல்லை.

சாயங்காலம் சொர்ணவல்லிதான் கிளப்பினாள். மூன்று பேரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். டாக்டர் அர்ச்சனா. நான் பெட்டியை மேஜையில் வைத்து, ஒழுகல், பிடிப்பு, விட்டம் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"மோட்டார் ரிப்பேருங்க."

"நல்லது. வெளியில இருங்க."

இருந்தேன். பக்கத்தில் இன்னும் நான்கு புருஷன்மார்கள். எல்லோரும் சுவரில் இருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டு, செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. என்ன வியாதிக்கு யார் உள்ளே போயிருக்கிறார்கள் என்று இவர்களில் எவனுக்காவது தெரியுமா? சந்தேகம்தான். அந்த வரிசையில் ஐந்தாவதாக உட்கார எனக்கு முழுத் தகுதி உண்டு.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது பஸ்ஸில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. முதலில் இருப்பதிலேயே சின்ன டாம்பானை வைத்துப் பழகட்டும். கை கழுவிவிட்டு வைக்க வேண்டும், நீந்தி முடித்ததும் எடுத்துவிட வேண்டும், மறந்து வைத்திருக்கக் கூடாது. கப்பு பிறகு பார்க்கலாம், சின்னதாக, அவளுக்கு வேண்டும் என்றால். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் அதுவும் குற்றம் இல்லை. கல்யாணமாகாத பிள்ளை உள்ளே வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாளாம் சொர்ணவல்லி. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீரனூர் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"கல்யாணம் ஆயி இத்தன வருஷம் ஆச்சு. எனக்கே இன்னிக்குத்தான் ஒருத்தி சொல்றா."

என்னிடம் சொன்னது போல இல்லை. நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அளவு எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இறங்கினாள்.

அவள் அம்மாவும் கூட வந்து உடை மாற்றும் அறை வாசலில் நின்றாள். நான் பைக் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டேன். "கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, அப்பறம் மறந்துருச்சு" என்று அம்மாவிடம் சொன்னாளாம். என்னிடம் பசிக்கிறது என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்டு 8, வெள்ளி

வந்துவிட்டதாம். பையில் எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். எல்லாம் என்றால் என்னென்ன என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டு 9, சனி

நான்காவது வந்தாள். இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள்.

பாதி வரைக்கும் இரண்டாவதாக இருந்தாள். சுவரைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் கால் சரியாகப் படியவில்லை. கரையிலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை.

கோச் அஜித் துண்டோடு வந்தார். பிள்ளையைத் தேற்றுகிறாராம். விளக்குக் கம்பத்தைத் தேடிக்கொண்டே ஆரம்பித்தார்.

"விடும்மா, பரவால்ல. இந்த மாதிரி நாள்ல பாடி ஒத்துழைக்காது..."

என் வாய் துடித்தது. இலக்கியா முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். பீரியட்ஸ் ஒன்னும் பண்ணல. டர்ன் சொதப்பிட்டேன். அதத்தான் நீங்க எனக்கு இன்னும் ஒழுங்கா சொல்லித் தரல."

அந்த மனிதர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லை போல. "திங்கக்கிழமை வா. டர்ன் மட்டும் பாப்பம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அழுதாள். தோற்றதற்கான அழுகை. என் முதுகு நனைந்தது. அழட்டும், அது அவள் சம்பாதித்த அழுகை. நான் ஹாரனில் கை வைக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் வெற்றிசெல்வன் வழக்கம்போல இட்லிக்கு வந்திருந்தான். அவன் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது, அது வேறு விஷயம். இலக்கியா தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, பீரியட்ஸ் வந்துருச்சு. அங்க போயி மாத்த நேரமாகும், இன்னிக்கிக் கொஞ்சம் வெரசாக் கெளம்பணும். வண்டியில பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

வெற்றிசெல்வனுக்குப் புரையேறியது. கண்ணெல்லாம் சிவந்து, தட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னடா, சட்னி காரமா?"

"இல்லக்கா."

"அப்ப குனிஞ்சு சாப்புடாத. நிமிந்து சாப்புடு."

நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் இலக்கியா பைக் பக்கத்தில் பையோடு நின்று, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.