பானை தொட்ட கைக்கு ஒரு பதில்

என் கண்ணே வசந்தா,

நீ போய் இருபது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் உன் படத்துக்குப் பூ வைத்து நாலு வார்த்தை பேசுவேன். இந்த முறை எழுதி வைக்கிறேன், ஊர் படிக்கட்டும். உன் மகள் செய்த காரியம் அப்படி.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது கலைச்செல்விக்கு நாலு வயசு. இப்போது மெட்ராஸில் ஆராய்ச்சி படிக்கிறாள். கீழப்பழுவூரில் யார் கேட்டாலும் "எலி மூளையப் பத்திப் படிக்குது" என்பேன். "எலிக்கு மூளை இருக்காக்கா?" என்று பக்கத்து வீட்டு ராசாத்தி சிரித்தாள். "ஒனக்கு இருக்கறதவிட ஜாஸ்தியாவே இருக்காம்டி" என்றேன்.

அஞ்சாவது படித்த எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உடம்புக்குள் ஒரு பெரிய ஏடு இருக்கிறதாம். வேலைக்குத் தேவையானதை மட்டும் அதிலிருந்து உடம்பே படியெடுத்துக்கொள்ளுமாம். அந்தப் படிக்கு ஆர்.என்.ஏ. என்று பேர். எலியின் மூளையில் எந்தப் படி எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் உன் மகளுடைய வேலை. எடுத்த படியும் அப்படியே உதவாது, நடுவில் வேண்டாததை வெட்டிவிட்டு மீதியை ஒட்டவேண்டும். "பழைய சேலையில அம்மா எனக்குப் பாவாடை தச்சாங்கள்ல, அது மாதிரிதான் அம்மாயி. கிழிஞ்சத வெட்டிட்டு நல்லத சேத்துத் தைக்கிறது. அதே சேலைய வேற மாதிரி வெட்டுனா சட்டை" என்றாள். அந்தப் பாவாடை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, பார்த்தாயா?

போன ஐப்பசியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. எக்ஸ்ரே பிலிம் மாதிரி ஒன்றில் அந்தப் படி கறுப்புக் கோடாக விழுமாம். கோடு எவ்வளவு கறுப்போ அவ்வளவு அதிகம் என்று கணக்கு. ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இவளுக்கு இரண்டு வந்திருக்கிறது. "சின்னக் கோடு உடைஞ்ச துண்டுதான், என் கைபட்டுக் கெட்டுப்போச்சுன்னு சார் சொல்றாரு. மூணு தடவை செஞ்சும் அதேதான் வருது. இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த வேலைய வுட்டுடச் சொல்லிட்டாரு" என்று எழுதியிருந்தாள்.

கைபட்டுக் கெட்டுப்போச்சு. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

உனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் நமக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை என்று, தாகத்தில் நீயே பானையில் கைவிட்டு மொண்டு குடித்தாய். உன் கண்ணெதிரிலேயே அந்தப் பானையைப் போட்டு உடைத்தார்கள். நீ வீட்டுக்கு வந்து அழவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் விரித்து, "என் கையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. உன் கையைக் கழுவிவிட்டேன்.

கலையின் கடிதம் வந்த மறுநாளே அரியலூரில் ரயிலேறினேன். அந்த சாரை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவது என்றுதான் போனேன்.

ஆராய்ச்சி அறை வாசலிலேயே கலை சொன்னாள்: "அம்மாயி, உள்ள எதையும் தொட்டுடாத."

என் பேத்தியா சொல்கிறாள்? கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், அவள் கையில் ரப்பர் உறை. "வாங்கம்மா, உக்காருங்க" என்று வந்த சார் கையிலும் உறை. பேசிக்கொண்டே அவர் மூக்கைச் சொறிந்தார்.

"சார், மூக்கத் தொட்டுட்டீங்க! உறைய மாத்துங்க!" என்று அதட்டினாள் உன் மகள். அவ்வளவு பெரிய மனுஷன் "சரிம்மா, சரிம்மா" என்று பூனை மாதிரி போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஏன்டி, அவரு கையிலயுமா?" என்று கேட்டேன்.

"எல்லாரு கையிலயுந்தான் அம்மாயி. ஆர்.என்.ஏ.வத் தின்னுற ஒண்ணு மனுஷத் தோலுல, வேர்வையில இருக்கு. அது இல்லாத கையே கெடையாது. ஈரக்கை பட்டா ஊறுகாய் கெட்டுப்போவுதுல்ல, அது யாரு கையின்னு பாக்குதா?"

சண்டை போட வந்ததை மறந்துவிட்டேன், வசந்தா. ஆனால் அவளுடைய வழக்கு அப்படியேதான் இருந்தது. அதற்கும் அவளே வழி வைத்திருந்தாள். "சார், ஒரே எலியோட மூளையும் ஈரலும் எடுத்துக்குவோம். என் கைதான் கெடுத்துச்சுன்னா ஈரலும் கெட்டுருக்கணும்ல? பாதிய நான் செய்யறேன், பாதிய உங்க கையால நீங்க செஞ்சு பாருங்க."

அவர் சரி என்றார்.

பிலிமை ஐஸ் பெட்டிக்குள் வைத்து அஞ்சு நாள் காக்கவேண்டும் என்றார்கள். அந்த அஞ்சு நாளும் சைதாப்பேட்டையில் உன் சின்னம்மா வீட்டில் தங்கினேன். ஆறாம் நாள் சார் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஈரலுக்கு ஒரே கோடு. மூளைக்கு இரண்டு. கலை செய்த பாதியிலும் அதேதான், அவர் செய்த பாதியிலும் அதேதான். கோல் வைத்து இழுத்த மாதிரி சுத்தமான கோடுகள்.

"ரெண்டும் நெசந்தாம்மா. ஈரல்ல ஒரு மாதிரி வெட்டி ஒட்டுது, மூளையில ரெண்டு மாதிரியும் நடக்குது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். உறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். உன் மகளும் உறையைக் கழற்றிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

நான் அந்த இரண்டு வெறுங்கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கையில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது. பானையை உடைத்தவர்கள் கையில் இருந்தது எதுவோ, அதுதான் உன் கையிலும் இருந்தது. அவர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது?

பானைக் கதையைக் கலையிடம் இதுவரை நான் சொன்னதில்லை. தைக்கு வருகிறாள். உன் படத்துக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, நீ கேட்ட கேள்வியையும் அன்று நான் வாயடைத்து நின்றதையும் ஒன்று விடாமல் சொல்வேன். பதிலை அவள் வாயாலேயே உனக்குச் சொல்லட்டும்.

உன் கையைப் பிடித்து அகரம் எழுதவைத்த,
உன் அம்மா