பதுங்குகுழியில் காசித்தும்பை

சாந்தோம்,
ஜூலை 1942

பிரியமுள்ள ஐரினுக்கு,

மாதா தயவில் நான் சுகம். திருச்சித் தண்ணீருக்கு உன் இருமல் நின்றதா?

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து உன்னை அங்கே அனுப்பிய கையோடு, உன் பூப்பாத்தியில் பதுங்குகுழி வெட்டினேன். மழை பெய்ததும் குழி முழுக்க யாரும் விதைக்காத நாற்றுகள்! களையென்று பிடுங்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஜைதூன் பீ மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னா சார், காசித்தும்பையப் போயி புடுங்கிக்கினு கீறீங்க? எல ஓரம் ரம்பமாட்டம் கீது பாருங்க" என்றார்.

போன வருஷம் நீ தொட்டதும் வெடித்துச் சிதறிய காய்களின் விதைகளா இவை? இத்தனை மாதம் மண்ணுக்குள் எப்படிக் காத்திருந்தன? நெருக்கியடித்து நிற்கின்றன, எவ்வளவு இடைவெளி விட்டுப் பிரித்து நடுவது?

தபால்காரர் வந்துவிட்டார். அபாயச் சங்கு ஊதினால் குழிக்குள் எங்கே கால் வைப்பதென்றும் எழுது.

உன்
ஆம்ப்ரோஸ்