நூற்றெண்பது யுவானுக்கு ஒரு குரல்

ஹுவாலியன்,
நவம்பர் 12

அன்பு மகள் பெய்ரோங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளை யோஸ்ட்டும் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் அந்த வெளிநாட்டுக் குளிரைத் தாங்கி நலமாக இருக்க வேண்டுமென்று காலையில் ஊதுபத்தி கொளுத்தும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தாயே, பாதியில் பேச்சு நின்று போனதே, லைன் கட்டாகிவிட்டது என்று மறுநாள் நான் மெசேஜ் அனுப்பினது பொய். லைன் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் வைத்தேன். குட்டி முதல் தடவையாக உதைத்தது என்று சொல்லிவிட்டு, நான் முதல்ல உதைச்சப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு என்று ஆசையாகக் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல என்னால் ஆகாது. எழுதுவதிலும் நேராக வராது எனக்கு, நீ கொடுத்த பணத்தை என்ன செய்தேன் என்பதில் ஆரம்பித்துத்தான் வர முடியும், பொறுத்துக்கொள்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பின மூவாயிரம் யுவான் வந்து சேர்ந்தது. தள்ளுபடி போடும்போது வாங்கு, தேவையானதை மட்டும் வாங்கு என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை புத்தாண்டுக்கு வந்தபோது அந்தப் போர்விமான விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து, தன் பழைய ஜாய்ஸ்டிக்கையும் விட்டுவிட்டுப் போனார் இல்லையா, கிழவிக்குப் பொழுது போகட்டும் என்று. நல்ல மனுஷன்தான், ஆனால் அது என்ன வியாபாரம் என்று எனக்குச் சொல்லவே இல்லை. விளையாட்டு இலவசம், கூடவே ஒரு பயிற்சி விமானம் இலவசம், அதோடு சரி. வேறு விமானம் வேண்டுமா தனிக் காசு, வேறு ஊர் மேப் வேண்டுமா தனிக் காசு, தலையைத் திருப்பினால் திரையும் திரும்ப வேண்டுமா அதற்கு ஒரு கருவி, அதற்கும் காசு. நூடுல்ஸை சும்மா கொடுத்துவிட்டுக் கிண்ணத்துக்குக் காசு கேட்கிற மாதிரி இருக்கிறது. நம் சந்துக் கடைசி வீட்டு பெங் அண்ணன், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், அவரும் இதே விளையாட்டில்தான் கிடக்கிறார். காலுக்குப் பெடல் வாங்காமல் வேறு எதுவும் வாங்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். விமானம் எதுவா இருந்தா உனக்கென்ன தங்கச்சி, எல்லாத்தையும் ஒரே மாதிரி தரையிலதான் குத்தப்போற, பெடல் இருந்தா கொஞ்சம் அழகா குத்தலாம்ல என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது.

பெடல் வாங்கினால் மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும். கோயிலுக்குப் போய், பெடலா மேப்பா என்று கேட்டு, சாமியிடம் குறி கேட்கிற அந்த இரட்டை மரக்கட்டையைப் போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் இரண்டும் மல்லாந்துதான் விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம், உனக்கே பதில் தெரியுமே என்று. கோயில் கணக்கப்பிள்ளை எட்டிப்பார்த்து, என்னத்தக் கேட்டீங்க, சாமி இப்படிச் சிரிக்கிறாரு என்றான். உன் வேலையைப் பார்டா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியத்தான் தெரியும். எனக்கு ஒரே ஒரு விமானம்தான் வேண்டும், ஒரே ஒரு ஓடுபாதைதான் வேண்டும், ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும்.

நான் விமானப்படையில் ஆபீஸ் வேலை பார்த்தேன் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் இல்லை. ஓடுபாதைப் பக்கத்தில் ஒரு வண்டிக்குள் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்து, மேகத்துக்குள் கண் தெரியாமல் வருகிற விமானங்களைப் பேசிப் பேசி இறக்குகிற வேலை. கொஞ்சம் இடப்பக்கம், இப்போ சரி, உயரம் சரி, கொஞ்சம் கீழே இருக்கீங்க, இப்படி. கடைசி சில மைல் வந்ததும், இனி பதில் சொல்ல வேண்டாம் என்று விமானியிடம் சொல்லிவிடுவோம், அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கக் கூடாது, நாங்கள் வாயை மூடக் கூடாது. சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரியா வர்றீங்க, சரியா வர்றீங்க என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நொடி எங்கள் குரல் கேட்காவிட்டால் அவர் இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறிக் கடல் பக்கம் போய்விட வேண்டும். அதுதான் விதி. ஆயிரம் தடவைக்கு மேல் இறக்கியிருக்கிறேன், அந்த ஒரு நாள் வரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

எண்பத்தைந்து நவம்பரில், இதே மாதிரி மேகம் கூரைமேல் படுத்திருந்த ஒரு காலையில், துவான் லிஹெங் என்கிற பையன் விமானத்தை இறக்க வந்தான். இருபத்தாறு வயது, எனக்கு இரண்டு வயது சின்னவன், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் உன்னை ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தேன், சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் ஆற்றுக்குக் கல்லணை கட்டியிருப்பார்களே, அதற்குச் சற்று முன்னால் அவன் இறங்க வேண்டிய கோட்டுக்குக் கீழே போவதைத் திரையில் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நீ உதைத்தாய். அதுவரை நீ அசைந்ததே இல்லை, டாக்டருக்கே சந்தேகமாக இருந்தது, நான் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். நான் பேசவில்லை. பிறகு பேசினேன், கீழே இருக்கீங்க, மேலே வாங்க என்று. அவன் ஏற்கெனவே அந்தக் கல்லணையில் மோதியிருந்தான், அது தெரியாமல் இன்னும் ஒரு நிமிஷம் அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன்.

விசாரணையில் எத்தனை நொடி பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். நான்கு என்றேன். ஐந்து என்றால் விதி என்னைப் பிடிக்கும். பதிவு டேப் அன்றைக்குப் பாதியிலேயே தீர்ந்து போயிருந்தது, என் வாய் சொன்னதுதான் சாட்சி. கவனக்குறைவாகத் தாழப் பறந்தார் என்று அவன் பெயரில் எழுதி மூடிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே நான்கு என்பது நிஜமாகிவிட்டது, சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஆனால் உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டும் நேரத்தில் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேனே, அம்மாவுக்கு நம்மமேல பாசமே இல்லை என்று உன் அப்பாவிடம் அழுவாயே, அந்த மனுஷனுக்கும் கடைசிவரை காரணம் தெரியாமலே போய்விட்டது.

நீ போனில் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு நொடியில் ஒரு விமானம் அவ்வளவு தாழுமா என்று பார்த்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. அவன் ஓட்டின அதே வகை விமானம் பாதி விலைக்கு ஆயிரத்து ஐந்நூறு, வாங்கினேன். நம் கரையோரத்தை அணை, மூங்கில் புதர் முதற்கொண்டு யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்து செய்த மேப் ஆயிரத்து இருநூறு, அதையும் வாங்கினேன். மிச்சம் முந்நூறு. பேசி இறக்குகிற குரலுக்கும் தனியாகச் சேர்த்துக்கொள்கிற ஒரு ஆட்-ஆன் இருந்தது, பன்னிரண்டு பேர் குரலோடு வருவது ஆயிரத்து முந்நூறு. குரலே இல்லாமல் காலியாக வருவது நூற்றெண்பது, நீங்களே பேசிப் பதிந்துகொள்ளுங்கள், குறிப்பிட்ட தூரம் வந்ததும் அதை ஓட விடுகிறோம் என்று போட்டிருந்தது. நமக்கு எதற்கு அடுத்தவர் குரல், இந்தத் தொழிலில் நான் பார்க்காததா என்று காலியானதை வாங்கினேன். காசு மிச்சம் பிடித்தேன் என்று பெருமை வேறு.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் பேசினேன். முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் வார்த்தைக்கு வார்த்தை வந்தது, தடங்கலே இல்லாமல் பேசி முடித்ததாகத்தான் நினைத்தேன். பிறகு விமானத்தை ஏற்றி, மேகம் போட்டு, கரையோரமாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. என் குரல் வந்தது. இனி பதில் சொல்ல வேண்டாம் என்றது. அந்தக் குரல் சொன்னதைத்தான் செய்தேன், மேப்பைப் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்க்கவில்லை, என் குரல்தானே, நம்பினேன். அணைக்கு முன்னால் அது நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் கேட்டது, என் மூச்சுதான். விதி எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்த விதி, மேலே ஏற வேண்டும், ஏறவில்லை. இதோ பேசிவிடும், இதோ பேசிவிடும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆளில்லாத வீட்டில் வாய்விட்டு, இருக்கியா என்று கேட்டேன். திரை கறுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் நிதானமாக, கீழே இருக்கீங்க, மேலே வாங்க என்று ஆரம்பித்து, ஒரு நிமிஷம் விடாமல் பேசியது. பதிவை எடுத்துக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்பது நொடி. நான் நிறுத்தினதே எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை பதிந்தேன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் எழுதி வைத்துப் படித்து. அந்தத் தடவை விமானம் நேராகப் போய் ஓடுபாதையில் இறங்கிவிட்டது. அவ்வளவு சுலபம்.

துவானின் தங்கை லிச்சுன்னை உனக்குத் தெரியும், கோயில் பக்கம் காலைப் பலகாரக் கடை, நீ சின்ன வயதில் முட்டைத் தோசைக்கு அழுது அடம்பிடிப்பாயே அவள்தான். எங்க அண்ணன் கவனமில்லாதவன் கிடையாது அக்கா, செருப்பைக்கூட வரிசையா வைப்பான் என்று எத்தனை வருஷமாக என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் சோயா பாலைக் குடித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். நேற்று கடை மூடுகிற நேரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவே இல்லை, கேட்டுக்கொண்டே தேய்த்தாள். கடைசியா எங்கண்ணன் ஏதாவது சொன்னானா என்றாள். அதையும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தும், கடைசியில் ஒரே ஒரு தடவை, அக்கா, இருக்கீங்களா என்று கேட்டான் என்றேன். அப்போதுதான் அவள் கல்லை விட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, இதை எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க, எங்கண்ணன் பேர்ல இருக்கிறத மாத்தணும் என்றாள். எழுதிவிட்டேன், வியாழக்கிழமை இரண்டு பேரும் படை அலுவலகத்துக்குப் போகிறோம், பென்ஷன் போனால் போகட்டும். உங்க மககிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டாள், இல்லை என்றேன். வெளிய தெரியுறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, எங்கண்ணன் செத்தத நான் கேட்ட மாதிரி உங்க மகளும் ஊரார் வாயால கேட்க வேண்டாம் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

ஆகவே கேள். இதில் உன்மேல் ஒரு துளிப் பழி கிடையாது, அப்படி ஒரு நினைப்பு வந்தால் அதை அங்கேயே துடைத்தெறி. உதைப்பது குழந்தையின் வேலை, பேசுவது என் வேலை, நான்தான் செய்யவில்லை. நீ முதலில் உதைத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டாய். சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. திகைத்துப்போய்ப் பேச்சு வரவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். அந்த ஒன்பது நொடியும், அவன் கேட்டது காதில் விழுந்தும், துவான் என்று ஒருவன் இருக்கிறான் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. நீ மட்டும்தான் இருந்தாய்.

பிள்ளை பிறக்கிற வரைக்கும் கட்டில்மேல் கத்தரிக்கோல் வைக்காதே, சுவரில் ஆணி அடிக்காதே, மாப்பிள்ளை சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நல்லெண்ணெய் பார்சலில் வருகிறது, பிரசவத்துக்குப் பிறகு சாப்பிடுகிற கோழியை அதை ஊற்றித்தான் சமைக்க வேண்டும். நீயும் குட்டியும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு, உனக்கு என்றைக்கு மனம் வருகிறதோ அன்றைக்குப் போன் செய். எடுப்பேன். எடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, நான் லைனில்தான் இருப்பேன்.

உன் அம்மா,
லியாவ் யூமேய்